போன படை ஏன் அதே இடத்துக்குத் திரும்புகிறது?

முழங்கையில் காசு அளவுக்கு ஒரு படை. சிவந்து தடித்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில். சொறிந்தால் உதிர்கிறது, உதிர்ந்தாலும் தீர்வதில்லை. ஒரு ஊசி போட்டுக்கொண்டால் பத்து நாளில் தோல் பளிச்சென்று ஆகிவிடுகிறது. ‘விட்டது சனி’ என்று இருக்கும்போது மார்கழி பிறக்கிறது. அதே முழங்கையில், அதே இடத்தில், படை மறுபடி எட்டிப் பார்க்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், எங்கள் சங்கராபுரம் பக்கம் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ரத்தம் கெட்டுப்போச்சு என்பார் ஒருவர். உடம்புச் சூடு என்பார் இன்னொருவர். கருவாடும் கத்தரிக்காயும் கரப்பான் பண்டம், அதைத் தின்றதால்தான் என்பார் மூன்றாமவர். எல்லாம் காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கங்கள். ஆனால் ஒரு கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. ரத்தம் உடம்பெங்கும் ஓடுகிறது. கெட்ட ரத்தம்தான் காரணம் என்றால், அது மற்ற இடங்களை எல்லாம் விட்டுவிட்டு இந்த முழங்கையை மட்டும் தேடி வருவானேன்?

இந்தக் கேள்விக்கான விடை கிடைத்தது இந்த நூற்றாண்டில்தான். அந்த விடை தெரிந்தால், எந்த மருந்தை எவ்வளவு காலம், ஏன் போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எந்தப் படை?

தோலில் நிறம் மாறி எது வந்தாலும் நம் ஊரில் படைதான். இந்த அத்தியாயம் பேசுவது சொரியாசிஸ் பற்றி. சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். நாம் செதில்படை என்று வைத்துக்கொள்வோம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் நோய்கள் இரண்டு. ஒன்று படர்தாமரை. அது பூஞ்சையால் வருவது. ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, வளையமாக விரியும். ஒரே துண்டைப் பலர் பயன்படுத்தினால் வீட்டில் எல்லாருக்கும் வரும். மற்றது தொழுநோய். அதில் தேமல் வந்த இடம் பெரும்பாலும் மரத்துப்போகும், கிள்ளினாலும் தெரியாது. செதில்படையில் உணர்ச்சி போகாது. அரிக்கும், எரியும், வெடித்தால் வலிக்கும். செதிலைப் பிய்த்தால் அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும்.

இந்த வேற்றுமையை மருத்துவ உலகமே வெகுகாலம் தெளிவாகப் பிரிக்கவில்லை. வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா 1841இல் செதில்படை வேறு, தொழுநோய் வேறு என்று உறுதியாகப் பிரித்துக் காட்டினார். அதற்கு முன் ஐரோப்பாவில் செதில்படைக்காரர்கள் பலர் தொழுநோயாளிகள் என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். நம்மிடையே இன்றும் முடிதிருத்தும் கடையில் தயக்கம், பஸ்ஸில் பக்கத்து சீட் காலி, பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் இருந்துவிடுவது என்று அந்தப் பழைய குழப்பம் தொடர்கிறது. உலக சுகாதார அமைப்பின் பேரவை 2014இல் இதைத் தொற்றாத, நாள்பட்ட நோய் என்று தீர்மானமே நிறைவேற்றியது. இதில் பரவக்கூடிய கிருமி எதுவும் கிடையாது. தொட்டாலும் சேர்ந்து சாப்பிட்டாலும் சேர்ந்து படுத்தாலும் ஒட்டாது.

ஒரு மாத வேலை ஒரு வாரத்துக்குள்

தோலின் மேலடுக்கு நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. அடியில் பிறக்கும் செல், மெல்ல மேலே நகர்ந்து, தட்டையாகி, தன் உட்கருவை இழந்து, கடைசியில் செத்த ஓடாக உதிர்கிறது. இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஒவ்வொன்றாக உதிர்வதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

செதில்படை வந்த இடத்தில் இதே பயணம் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. செல்கள் பக்குவப்பட நேரமில்லை. உட்கருவோடு, ஒன்றோடொன்று ஒட்டியபடியே மேலே வந்து குவிகின்றன. அந்தக் குவியல்தான் வெள்ளிச் செதில். இவ்வளவு வேகமான உற்பத்திக்குத் தீனி வேண்டும் அல்லவா? அதற்காக நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, தோலின் மேற்பரப்புக்கு நெருக்கமாக வந்து நிற்கின்றன. சிவப்பு நிறமும், பிய்த்ததும் கசியும் ரத்தப் புள்ளிகளும் அதனால் வருபவை.

அப்படியானால் நோய் தோல் செல்லுக்குத்தானே? மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். செல்லின் வேகத்தைக் குறைத்தால் போதும் என்று மருந்து தேடினார்கள்.

கட்டளை எங்கிருந்து வருகிறது?

1979இல் தற்செயலாக ஒரு திருப்பம். சைக்ளோஸ்போரின் என்ற மருந்து, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கப் பயன்பட்டது. அதை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் செதில்படையும் இருந்தவர்களின் தோல் தெளிந்தது. அந்த மருந்து முக்கியமாக அடக்குவது டி செல் எனப்படும் வெள்ளணுக்களை. கிருமிகளை எதிர்க்கும் வேலையில் முக்கியமானவை அவை.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையிலும் இதற்குச் சான்று கிடைத்தது. ரத்தப் புற்றுநோய்க்காக இன்னொருவரின் மஜ்ஜையைப் பெற்றவர்களில் சிலருக்கு, அதுவரை இருந்த செதில்படை மறைந்தது. செதில்படை உள்ளவரிடமிருந்து மஜ்ஜை பெற்ற சிலருக்கு, அதுவரை இல்லாத படை புதிதாக வந்தது. தோல் அதேதான், மாறியது வெள்ளணுக்கள். ஆக, வேகமாகப் பெருகு என்ற கட்டளை நோயெதிர்ப்பு மண்டலத்திலிருந்து வருகிறது. தோல் அதற்குக் கீழ்ப்படிகிறது.

அந்தக் கட்டளையைச் சுமந்து செல்பவை சைட்டோகைன் எனப்படும் தூதுப் புரதங்கள். செதில்படையில் முக்கியமானவை மூன்று: டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 23, இன்டர்லூக்கின் 17. கிருமியோ காயமோ வந்தால் இவை சுரப்பது நல்லதற்கே. வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். சிலருக்கு, பிறப்பிலேயே வந்த மரபணு அமைப்பால், அவை அடங்குவதில்லை. இப்படி எதிரி இல்லாத இடத்திலும் எதிர்ப்பு ஓயாமல் நீடிப்பதைத்தான் நாள்பட்ட அழற்சி என்கிறோம். மரபணு என்றதும் பயப்பட வேண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. மரபணு இடம் மட்டும் கொடுக்கிறது; நோயைத் தொடங்கிவைக்க வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் வேண்டும்.

சோகை கிழித்த கோடு

அந்தத் தூண்டுதல் எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஒருவரைப் பின்தொடர்ந்து பார்ப்போம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவர், வயது 38. கற்பனை ஆள்தான், ஆனால் இப்படிப்பட்டவர்களைத் தோல் மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

கரும்புச் சோகையின் ஓரம் ரம்பம் போல் அறுக்கும். வெட்டு முடிந்து திரும்பும் ஒவ்வொருவரின் முன்கையிலும் கீறல் இருக்கும். கூட்டாளிகளுக்கு நாலைந்து நாளில் அது ஆறிவிடுகிறது. நம் ஆளுக்கும் கீறல் ஆறுகிறது. ஆனால் இரண்டு வாரத்தில் அந்தக் கோட்டின் மேலேயே செதில்படை வரிசையாக எழுகிறது.

ஹெய்ன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1870களில் இதைப் பதிவு செய்தார். அவருடைய நோயாளிக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் படை வந்திருந்தது. இன்றும் இது கோப்னர் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. முழங்கையும் முழங்காலும் உராய்வு அதிகமுள்ள இடங்கள். படை அங்கே அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீறலின் அடியில் நடப்பது இது. கிழிபட்ட தோல் செல்கள் அபாயக் குறிகளை வெளியிடுகின்றன. காவல் செல்கள் அவற்றைப் படித்து இன்டர்லூக்கின் 23ஐச் சுரக்கின்றன. அதைப் பெற்ற டி செல்கள் இன்டர்லூக்கின் 17ஐச் சுரக்கின்றன. அது தோல் செல்களை வேகமாகப் பெருகச் செய்வதோடு, இன்னும் வெள்ளணுக்களை அழைத்துவரும் குறிகளையும் அவற்றிடமிருந்து வரவழைக்கிறது. வந்தவை மேலும் சுரக்கின்றன. ஒன்று இன்னொன்றைத் தூண்ட, அது மறுபடி முதலாவதைத் தூண்ட, சுழற்சி தானே நடக்கிறது. கீறல் ஆறி ஒரு மாதம் ஆன பிறகும் படை போகாததற்குக் காரணம் இதுதான்.

நம் தொழிலாளி களிம்பு தடவுகிறார். சுழற்சி தளர்கிறது, செதில் உதிர்கிறது, தோல் மென்மையாகிறது. அவர் களிம்பை நிறுத்திவிடுகிறார். படை போய்விட்டதா?

2004இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. செதில்படை உள்ளவர்களின் உடலில் படை வராத, நல்லதாகத் தெரிந்த இடத்திலிருந்து தோலை எடுத்து, நோயெதிர்ப்பு இல்லாத எலிகளின் மேல் ஒட்டினார்கள். நோயாளியின் ரத்தம் இனி அந்தத் தோலுக்கு வர வழியில்லை. ஆனாலும் சில வாரங்களில் அதில் செதில்படை உண்டானது. தோலுக்குள் ஏற்கெனவே தங்கியிருந்த டி செல்களே பெருகி வேலையைத் தொடங்கிவிட்டன. அந்த டி செல்களை மருந்தால் தடுத்தபோது படை வரவில்லை.

பின்னர் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. படை மறைந்த இடத்தில், கண்ணுக்கு முழுதாகத் தெளிந்த தோலுக்குள், இன்டர்லூக்கின் 17ஐச் சுரக்கத் தெரிந்த டி செல்கள் அப்படியே குடியிருக்கின்றன. இவற்றைக் குடியிருப்பு நினைவணுக்கள் என்று சொல்லலாம். அம்மைக் கிருமி போன்ற ஒன்று ஒருமுறை வந்த இடத்தில் மறுமுறை விரைந்து எதிர்க்க உடல் வைத்திருக்கும் நல்ல ஏற்பாடு இது. செதில்படையில் அதே ஏற்பாடு நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. வயலில் கோரையை மேலாக அறுத்துவிட்டால் நிலம் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும் வரை, ஒரு மழைக்கு அதே இடத்தில் முளைக்கும். முழங்கையில் நடப்பதும் அதுவே.

மழைக்குப் பதில் இங்கே தூண்டுதல்கள். கல்வராயன் மலையடிவாரத்து மார்கழிக் குளிரில் தோல் வறண்டு வெடிப்பது ஒன்று. தொண்டைப் புண், மது, புகை, தீராத மனக்கவலை ஆகியவையும் உண்டு. மனநோய்க்குத் தரும் லித்தியம், சில ரத்த அழுத்த மாத்திரைகள், சில மலேரியா மருந்துகள்கூடத் தூண்டலாம். வேறு நோய்க்கு மருந்து எழுதுபவரிடம் உங்களுக்குச் செதில்படை இருப்பதைச் சொல்வது அதனால் அவசியம்.

பத்து நாள் ஊசி

இனி அந்த ஊசிக்கு வருவோம். அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. எல்லா வெள்ளணுக்களையும் ஒரே அடியாக அடக்குவதால் பத்து நாளில் தோல் தெளிகிறது. அதன் வீச்சு குறைந்ததும் நினைவணுக்கள் எழுகின்றன. முன்பு காசளவு இருந்த படை தட்டளவு ஆகிறது. சிலருக்கு உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் வருகிறது. சிலருக்குத் தலை முதல் கால் வரை தோல் சிவந்து உரிகிறது. உடல் வெப்பமும் நீரும் கட்டுக்கடங்காமல் வெளியேறும் அந்த நிலை உயிருக்கே ஆபத்து.

செதில்படைக்கு ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ வழக்கமான மருந்து அன்று. ‘ஒரே வாரத்தில் நிரந்தரத் தீர்வு’ என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளிலும் இது கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு களிம்பு வேறு விஷயம். அளவறிந்து தடவினால் அது நல்ல மருந்து. கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்க, 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதித்தது.

உள்ளங்கைக் கணக்கு

களிம்பு ஏன் பலருக்குப் பலிப்பதில்லை? பெரும்பாலும் அளவு போதாததால். நம் கரும்பு வெட்டும் தொழிலாளிக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விரல்களோடு சேர்த்து ஒருவரின் உள்ளங்கைப் பரப்பு, அவர் உடலின் தோல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். அவருக்கு முழங்கைகளிலும் முன்கைகளிலும் இரண்டு உள்ளங்கை அளவு, முழங்கால்களில் இரண்டு, இடுப்பில் இரண்டு, மொத்தம் ஆறு. அதாவது 6 சதவீதம்.

ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஆறு உள்ளங்கைக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை கிராம். நாளுக்கு ஒரு வேளை என்றாலும் மாதத்துக்கு 45 கிராம். அவர் வாங்கியது 15 கிராம் டியூப் ஒன்று. மாதம் முழுக்க ஓட்டினார். வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் தோலுக்குப் போயிருக்கிறது. குறை மருந்தில் இல்லை.

இன்னொரு பாடமும் உண்டு. தோல் தெளிந்ததும் மொத்தமாக நிறுத்திவிடுவதற்குப் பதில், படை இருந்த அதே இடங்களில் வாரம் இருமுறை தடவி வந்தவர்களுக்குப் படை திரும்புவது தள்ளிப்போனது என்று ஓராண்டு நீடித்த ஆய்வு காட்டியது. அதில் பயன்பட்டது ஸ்டீராய்டும் கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்தும் சேர்ந்த கலவை. நினைவணுக்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தபின், தெளிந்த தோலில் ஏன் மருந்து தடவ வேண்டும் என்ற கேள்வி எழாது. எதை, எத்தனை நாள் என்பதை மட்டும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். முகம், அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றின் தோல் மெல்லியது. முழங்கைக்கு எழுதிய களிம்பை அங்கே தடவக் கூடாது.

களிம்பு போதாதபோது

10 சதவீதத்துக்கு மேல் பரவினாலோ, உள்ளங்கை, பாதம் வெடித்து வேலை செய்ய முடியாமல் போனாலோ, மாத்திரையோ ஒளி சிகிச்சையோ தேவைப்படும். ஒளி சிகிச்சையில், புற ஊதாக் கதிரின் ஒரு குறுகிய பகுதியை மட்டும் வாரம் இரண்டு மூன்று முறை அளந்து காட்டுகிறார்கள். அது தோலில் உள்ள டி செல்களைக் குறைக்கிறது.

மாத்திரைகளில் பழையதும் மலிவானதும் மெத்தோட்ரெக்ஸேட். இதன் பின்னணியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் இருக்கிறார். பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தை ஆராய்ந்தார். அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அவர் குழு உருவாக்கியவை. 1948இல் அவர் மறைந்தார். மூன்று ஆண்டு கழித்து, அமினோப்டெரின் கொடுத்த மூட்டுவாத நோயாளியின் செதில்படை தெளிந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். புற்றுநோய்க்காகப் பிறந்த மருந்து தோலுக்கு வந்த கதை அது.

ஒன்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: செதில்படைக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தவறி தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போகலாம். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. மது கூடாது. குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

இன்னும் தீவிரமானவர்களுக்குத் தூதுப் புரதங்களையே குறிவைக்கும் உயிரியல் ஊசிகள் இருக்கின்றன. இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கும் செக்குகினுமாப் 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பே, 2013இல், பெங்களூருவின் பயோகான் நிறுவனம் டி செல்லைக் குறிவைக்கும் இடோலிசுமாப் ஊசியை இந்தியாவில் கொண்டுவந்தது. இத்தகைய ஊசிகளைப் போடுமுன், உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

மலையில் வளரும் வெட்பாலை

கல்வராயன் மலைக் காடுகளில் வெட்பாலை வளர்கிறது. அதன் இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும். அந்தத் தைலம் செதில்படைக்குச் சித்த மருத்துவத்தில் புகழ்பெற்றது. அந்த நிறத்தில்தான் சேதி இருக்கிறது. வெட்பாலை இலை அவுரியைப் போலவே நீலச் சாயம் தருவது. அதில் இண்டிருபின் என்ற சிவப்புச் சாயப் பொருளும் கண்டறியப்பட்டிருக்கிறது.

தைவானில் 2008இல் வெளியான ஆய்வில், வேறு செடிகளிலிருந்து எடுத்த இதே வகை நீலச் சாயக் களிம்பை 42 நோயாளிகளுக்கு 12 வாரம் தடவினார்கள். அதே ஆளின் இன்னொரு படையில் மருந்தில்லாக் களிம்பு. சாயம் தடவிய படை 31 பேருக்கு முழுதாகவோ ஏறத்தாழவோ தெளிந்தது. எனவே வெட்பாலையை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. அதற்காக, வீட்டு வெயிலில் காய்ந்த தைலத்தில் அந்தப் பொருள் வேண்டிய அளவு இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. சிறிய படைக்குத் தடவலாம். எண்ணெய் செதிலை மென்மையாக்குவதே ஒரு பயன். உடம்பில் பெரும்பகுதி பரவியவர் இதை மட்டும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

கருவாட்டையும் கத்தரிக்காயையும் விட்டால் செதில்படை போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மதுவை விடுவதற்கும் கூடுதல் எடையைக் குறைப்பதற்கும் ஆதாரம் உண்டு. காலையில் விரல் மூட்டோ குதிகாலோ இறுகி வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். செதில்படையோடு மூட்டழற்சியும் வருவதுண்டு. தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகச் சிதையும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அழற்சி தோலோடு நிற்பதில்லை, இதயத்தையும் தொடுகிறது. கரும்பு வெட்டப் போகிறவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளட்டும். குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய் தடவும் பழக்கத்தை மார்கழியில் விடாதீர்கள்.

முன்பெல்லாம் தோல் மருத்துவரைப் பார்க்கச் சங்கராபுரத்துக்காரர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்தால் அன்றைக்கே அங்கே போய்விடுங்கள்.

செதில்படையை வேரோடு ஒழிக்கும் மருந்து இன்று எவரிடமும் இல்லை. சர்க்கரை நோயை அடக்கி வைப்பது போல இதையும் ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க மருந்து இருக்கிறது. ஒரே வாரத்தில் நிரந்தரமாகப் போக்குகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். எத்தனை மாதம், எவ்வளவு அளவு, எப்போது ரத்தப் பரிசோதனை என்று சொல்பவரிடம் போங்கள்.